டொல்பின் வான் கொதிக்கிறது: எஞ்சினைச் செய்வதா, மாற்றுவதா?

உப்புவெளி_வான்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைஏஸ் டொல்பின் வான், எல்எச் 113 மொடல், 3எல் வகை டீசல் எஞ்சின். 2009 கடைசியில் வாங்கினேன். மீற்றர் 4,12,000இல் கேபிள் அறுந்து நின்றுவிட்டது, அதோடு நானும் எண்ணுவதை விட்டுவிட்டேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மே பிறந்தால் நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர்கள், இடையில் கட்டுநாயக்க விமான நிலைய ஹயர். வீட்டு உலை இந்த வானை நம்பித்தான் கொதிக்கிறது. இப்போது வானே கொதிக்கிறது.

போன கிழமை விமான நிலையத்தில் இருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஹபரணை தாண்டி, அக்போபுரவுக்கு முன்னால் ஊசி சிவப்பைத் தொட்டது. இரவு பதினொன்றரை. யானை வீதிக்கு வரும் நேரம். நிறுத்தவும் பயம், ஓட்டவும் பயம். நிறுத்தி, முன் சீற்றைத் தூக்கினால் கஞ்சிப்பானையைத் திறந்த மாதிரி ஆவி. ரேடியேற்றர் மூடியில் சாக்கைப் போட்டுத் திருகியதில் உள்ளங்கையில் கொப்புளம். வந்தவர்களின் தண்ணீர்ப் போத்தல்களை எல்லாம் வாங்கி ஊற்றி, கந்தளாய் வரை ஊர்ந்து, அங்கே ஒரு கடைக்காரரை எழுப்பித் தண்ணீர் கேட்டு, விடியப்புறம்தான் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன்.

இப்போதைய நிலை: காலையில் ஸ்டார்ட் எடுக்க நேரமாகிறது, வெள்ளைப் புகை. தினமும் அரை லீற்றர் தண்ணீர் காணாமல் போகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஓயில் குடிக்கிறது.

முதல் பாஸ் (மெக்கானிக்) வந்து பார்த்தார். “ஃபுல் ரிப்பேர், போர் அடித்து பிஸ்டன் போடவேண்டும்”, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் போடவேண்டும் என்று 3,80,000 ரூபாய் சொன்னார். இரண்டாவது பாஸ் எஞ்சினைத் தொடவே இல்லை. “இதைத் தூக்கி எறி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய எஞ்சின் எடுப்போம், இரண்டு நாளில் ஓடலாம்” என்றார். அவர் கணக்கு 5,50,000. கனடாவில் இருக்கும் மச்சான் மூன்றாவது வழி சொல்கிறார்: வித்துப்போட்டு வேறு எடு.

மூவரில் யார் சொல்வது சரி?

பழைய_டீசல்

தம்பி, கொதிக்கிற ரேடியேற்றர் மூடியைத் திறந்ததற்கு முதலில் ஒரு குட்டு. அரை மணித்தியாலம் ஆறவிடாமல் இனி அதில் கை வைக்க வேண்டாம். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) வெடிக்கும். ஏற்கெனவே வெடித்திருக்காவிட்டால், அன்றிரவு வெடித்திருக்கலாம்.

மூவரில் ஒருவராவது அளந்து பார்த்தாரா? நான் முப்பது வருடம் டீசல் எஞ்சினோடு கிடந்தவன். காதால் கேட்டும் புகையைப் பார்த்தும் நோயைச் சொல்லலாம். ஆனால் நான்கு லட்சம், ஐந்து லட்சம் செலவழிக்க அது போதாது. இவற்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்:

காலையில், எஞ்சின் குளிராக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீரில் குமிழி விடாமல் வருகிறதா? ஓயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் பால்தேநீர் நிறத்தில் பிசின் இருக்கிறதா? எஞ்சின் ஓடும்போது அந்த மூடியைத் தளர்த்தி மேலே வைத்தால் துள்ளி விழுகிறதா? விழுந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது.

கடைசியாக, முக்கியமானது. குளோ பிளக்கைக் (ஸ்டார்ட் பண்ணச் சூடேற்றும் பிளக்) கழற்றி கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். டீசல் மீற்றராக இருக்க வேண்டும், பெற்றோல் மீற்றர் பிய்த்துக்கொண்டு போகும். 3எல் எஞ்சினுக்கு நல்ல நிலையில் 450 பிஎஸ்ஐ வரும். 285க்குக் கீழே இறங்கினால் கணக்கில் சேராது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 70க்கு மேல் வித்தியாசமும் இருக்கக் கூடாது. நான்கு எண்களையும் 1, 2, 3, 4 என்று வரிசையாக எழுதுங்கள். வரிசையில்தான் கதை இருக்கிறது.

சீனக்குடா_84

மச்சான் சொல்வதுதான் சரி. முப்பது வருட இரும்புக்கு இன்னும் எவ்வளவு கொட்டுவது? எஞ்சின் முடிய கியர்பொக்ஸ், அது முடிய பொடி. நம் ஊர் உப்புக்காற்றில் தகரம் எத்தனை நாள் நிற்கும்? ஓடுகிற நிலையில் தள்ளிவிடுங்கள்.

கிண்ணியா_லொறி

அவர் தள்ளிவிடுவார் சரி, எதை வாங்குவார்? 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். திறந்து என்ன, வரியைப் பார்த்தால் கண் இருட்டுகிறது. பழைய வான்களின் விலையும் இறங்கவில்லை. இவர் நோயுள்ள டொல்பினைப் பாதி விலைக்குக் கொடுத்து, இன்னொருவருடைய நோயுள்ள டொல்பினை முழு விலைக்கு வாங்கப்போகிறார். அந்த வானின் நோய் என்ன என்று தெரிந்துகொள்ள இன்னும் ஆறு மாதம் போகும்.

எஞ்சின் மாற்றிய அனுபவம் எனக்கு உண்டு, அதனால் சொல்கிறேன். 2018இல் என் சின்ன லொறிக்குக் கொழும்பில் ஒரு எஞ்சின் எடுத்தேன். கடையில் பலகை மேல் வைத்து, பற்றரி கொடுத்து ஓடவிட்டுக் காட்டினார்கள். கிர்ரென்று ஒரே சத்தம், புகை இல்லை. பலகை மேல் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். சுமை ஏற்றி, கந்தளாய் வெயிலில் ஓடினால்தான் அதன் குணம் தெரியும். ஒரு கிழமை செக்கிங் வரண்டி தந்தார்கள். எட்டாம் மாதம் ஓயில் அடிக்க ஆரம்பித்தது. யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொரு தலையிடி புத்தகம். எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து சீஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) மாற்ற வேண்டும். நான் சோம்பலில் விட்டுவிட்டேன். லொறியை விற்கப் போனபோது, வாங்க வந்தவருக்கு லீசிங் போட மதிப்பீட்டாளர் வந்து நம்பரைத் தடவிப் பார்த்தார். புத்தகத்தில் ஒன்று, எஞ்சினில் ஒன்று. அந்த வியாபாரம் அங்கேயே செத்தது. மாற்றுவதென்றால் எஞ்சின் நம்பர் எழுதிய பில் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

உப்புவெளி_வான்

நானா, புத்தக விஷயத்தை எந்தப் பாஸும் எனக்குச் சொல்லவில்லை. நன்றி.

பழைய_டீசல் ஐயா, குட்டை வாங்கிக்கொண்டேன். மீற்றர் வைத்திருக்கும் ஒருவரை அனுராதபுரச் சந்திப் பக்கம் பிடித்தேன். முடிவு:

1 – 385
2 – 375
3 – 215
4 – 220

குமிழி வருகிறது, பானைச் சோறு கொதிக்கிற மாதிரி. ஓயில் மூடி உள்ளே சுத்தம். எஞ்சின் ஓடும்போது மூடி கொஞ்சம் ஆடுகிறது, விழவில்லை.

மட்கோ_பொடியன்

அண்ணை, 3இலும் 4இலும் கொஞ்சம் ஓயில் ஊற்றித் திரும்ப அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் இல்லாவிட்டால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கட். யூடியூப்பில் பார்த்தேன்.

பழைய_டீசல்

தம்பி, அது பெற்றோல் எஞ்சினுக்கான வைத்தியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3எல் மொத்தம் 2,779 சிசி, ஒரு சிலிண்டருக்கு 695. அழுத்த விகிதம் 22க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வந்தால் மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 சிசிதான், இரண்டு மேசைக்கரண்டி. அதில் ஒரு கரண்டி ஓயில் ஊற்றினால் ரிங் நல்லதோ கெட்டதோ எண் ஏறத்தான் செய்யும். கைதவறி அதிகம் ஊற்றிவிட்டால் ஓயிலை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கொன்ரோட் வளையும். ஊற்றவே வேண்டாம்.

உப்புவெளித் தம்பிக்கு: எண்களைத் திரும்பப் பாருங்கள். 1, 2 இரண்டும் எஞ்சினின் வயதுக்கு ஏற்ற எண்கள். 3, 4 மட்டும் விழுந்திருக்கிறது, அதுவும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. ரிங் தேய்ந்து வருவது இப்படி ஜோடி சேர்ந்து வராது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒன்றாக விழுந்தால் நடுவில் கஸ்கட் எரிந்திருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்று ஊதுகிறது. குமிழி வேறு வருகிறது, அதனால் தண்ணீர் வழிக்கும் திறந்துவிட்டது. ஹெட்டிலும் வெடிப்பு இருக்கலாம். கீழ்ப்பகுதி சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஹெட்டை மட்டும் கழற்றுங்கள். எஞ்சினை இறக்க இப்போதே யாருக்கும் சம்மதம் சொல்ல வேண்டாம்.

லேத்_பக்கம்

நான் லேத்தில் (கடைசல் பட்டறை) வேலை செய்பவன். ஹெட் கழற்றும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

இந்த எஞ்சின்களில் ஹெட் வெடிப்பு பெரும்பாலும் இரண்டு வால்வுகளுக்கு நடுவே வரும், தலைமுடி அளவில். கரியைச் சுரண்டாமல் பார்த்தால் தெரியாது. லேத்துக்குக் கொண்டுபோய் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தச் சொல்லுங்கள், எங்கே குமிழி விடுகிறதோ அங்கே வெடிப்பு. வெல்டிங் பண்ணித் தருகிறோம் என்பார்கள். நானே அந்தத் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன், பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வானுக்கு அது வேண்டாம்.

சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பில், பிஸ்டன் ரிங் வந்து திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, விரல் நகத்தைக் கீழிருந்து மேலே இழுங்கள். நகம் தட்டி நின்றால் தேய்மானம் அதிகம். வழுக்கிக்கொண்டு போனால் போர் அடிக்கத் தேவையில்லாமலும் இருக்கலாம். முடிவை நகத்திடம் விடாமல் போர் கேஜால் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

சீனக்குடா_84

ஹெட் மட்டும், ரிங் மட்டும் என்று அரைகுறையாகச் செய்வதைவிட 1கேஇசட் என்ற பெரிய டர்போ எஞ்சின் ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். பறக்கும்.

கிண்ணியா_லொறி

பறந்து எங்கே போவது, குச்சவெளிக்கா? மவுண்ட் வேறு, வயரிங் வேறு, புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவே வேறு. விடுங்கள் மச்சான்.

உப்புவெளி_வான்

ஹெட் கழற்றியாயிற்று. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன்.

3க்கும் 4க்கும் நடுவில் கஸ்கட்டின் தகரம் எரிந்து, பீடித் துண்டின் நுனி மாதிரிக் கறுத்து உதிர்ந்து கிடந்தது. ஐயா சொன்ன அதே இடம். ஹெட்டில் மூன்றாவது சிலிண்டரின் வால்வுகளுக்கு நடுவே மெல்லிய வெடிப்பு. நகம் 1இலும் 2இலும் வழுக்கியது, 3இல் லேசாகத் தட்டியது. லேத்தில் இருந்து ஆள் வந்து கேஜ் போட்டு அளந்தார், போர் அடிக்கும் அளவு இல்லை என்றார். ஓயில் பிடித்து நிற்கச் சுவரில் கீறும் பழைய ஹோனிங் கோடுகள் மட்டும் மழுங்கி, சுவர் கண்ணாடியாக இருக்கிறதாம்.

இப்போது எனக்கு வெட்கமான பகுதி. ஹெட்டின் வாயில் தேமோஸ்ரற் இல்லை! ஐந்தாறு வருடத்துக்கு முன் வான் கொஞ்சம் சூடானபோது ஒரு பாஸ் “நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு, அடைப்புத்தான்” என்று கழற்றி எறிந்தார். நானும் தலையாட்டினேன்.

ரேடியேற்றர் அதைவிட மோசம். முன்பக்கத் தகட்டைக் கையால் தொட்டால் அப்பளமாக உதிர்கிறது, அது கடல்காற்று செய்தது. உள்ளே குழாய்களில் பாதி வெள்ளைச் சுண்ணாம்பால் அடைத்திருக்கிறது, அது நான் செய்தது. பதினைந்து வருடமாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன். எங்கள் கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் அங்கேயும். காற்றாடியின் கிளச்சும் சுற்றிவிட்டால் சும்மா சுற்றுகிறது, இழுவை இல்லை.

பழைய_டீசல்

சரி, கொலைகாரர்கள் எல்லோரும் பிடிபட்டார்கள்.

தேமோஸ்ரற் விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது, அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த எல் வகை எஞ்சின்களின் தேமோஸ்ரற்றுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேற்றர் வழியைத் திறப்பது ஒன்று. அதே நேரம் கீழே இருக்கும் சின்ன வட்டத் தகட்டால் பைபாஸ் வழியை அடைப்பது மற்றது. அதைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் வரும். ஊருக்குள் மெல்ல ஓடும்போது தெரியாது. ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி ஐந்து மணித்தியாலம் ஓடினால் தெரியும். கழற்றினால் குளிர்ச்சி குறையும் என்று டொயோட்டாவின் வேர்க்ஷொப் புத்தகத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. படிக்கிறவர் இல்லை.

உங்கள் இரண்டாவது பாஸின் பேச்சைக் கேட்டு ஐந்தரை லட்சத்துக்கு எஞ்சின் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? புது எஞ்சின், அதே ரேடியேற்றர், அதே கிளச், தேமோஸ்ரற் இல்லை. ஓகஸ்ட்டில் திரும்ப அக்போபுர.

கிண்ணியா_லொறி

என் லொறி எஞ்சின் எட்டு மாதத்தில் போன காரணமும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ரேடியேற்றரை யாரும் கழற்றிப் பார்க்கவே இல்லை. ஏழு வருடமாகக் கடைக்காரனை ஏசிக்கொண்டு திரிந்தேன், சே.

உப்புவெளி_வான்

என் எண்ணம் இது: வேறு ஹெட், கஸ்கட், ரேடியேற்றருக்குப் புதுக் கோர், தேமோஸ்ரற், காற்றாடிக் கிளச். ஓயில் குடிப்பதற்கு ஹோனிங் போட்டு ரிங் மட்டும். போர், பிஸ்டன் இல்லை. இதில் யாருக்காவது மறுப்பு உண்டா?

லேத்_பக்கம்

எனக்கு உண்டு. தேய்ந்த பிஸ்டனின் பள்ளத்தில் புது ரிங் போட்டால், பள்ளம் அகன்றிருந்தால் ரிங் மேலும் கீழும் ஆடும், ஓயில் குடிப்பது நிற்காது. பிஸ்டனைக் கழுவி, பள்ளத்தில் புது ரிங்கை வைத்து இடைவெளியை ஃபீலர் தகட்டால் அளந்த பிறகு முடிவெடுங்கள். கீழே திறக்கிறீர்கள் என்பதால் கொன்ரோட் பெயாரிங்கும் மாற்றுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டைமிங் பெல்ட்டும்தான். ஒரு லட்சம் கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய பெல்ட், உங்கள் மீற்றர்தான் ஓடவில்லையே. அது அறுந்தால் இந்தப் புது ஹெட்டின் வால்வுகளும் போகும்.

ஹெட் எடுக்கும்போது பழையது என்றால் அதையும் அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். வெடித்த ஹெட்டைக் கழுவிப் பெயின்ற் அடித்து விற்பதும் நடக்கிறது.

பழைய_டீசல்

அவரோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. தம்பி ஆயிரத்துக்கு ஒரு லீற்றர் குடிப்பதையே மாதக்கணக்கில் தாங்கியிருக்கிறார். புது ரிங் போட்டும் மூவாயிரத்துக்கு ஒரு லீற்றர் குடித்தால், நான் அதைத் தோல்வி என்று சொல்லமாட்டேன். வயதான எஞ்சின், இளமை திரும்பாது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் பம்ப் ரூமில் கொடுத்து நொசில் பார்த்துவிடுங்கள். ஒழுகும் நொசில் பிஸ்டன் தலையை எரிக்கும். புகைப் பரிசோதனைக்கும் அது கைகொடுக்கும்.

மட்கோ_பொடியன்

அண்ணை, சித்திரை விடுமுறையில் செய்யுங்கள், பள்ளியும் இருக்காது.

கிண்ணியா_லொறி

விடுமுறையில் பள்ளி மட்டுமா இருக்காது? லேத் பாஸ் ஊருக்குப் போய்விடுவார், கொழும்பில் பாதிக் கடை பூட்டு. ஹெட்டும் ரிங்கும் ஏப்ரல் 10க்கு முதல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பொருத்துகிற வேலையை மட்டும் விடுமுறைக்கு விடுங்கள். அதுவரை பிள்ளைகளை ஏற்ற என் மருமகனின் வான் இருக்கிறது, தனியாகக் கதைப்போம்.

உப்புவெளி_வான்

ஜூன் மாதம். பதில் எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும், சீசன் தொடங்கிவிட்டது.

பிஸ்டன் பள்ளம் 1, 2, 4இல் அளவுக்குள் இருந்தது, 3இல் இல்லை. ஆகவே ஒரு பிஸ்டன் மட்டும் புதிது. அதற்காகக் கொழும்புக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய்வந்தேன், நான்காக மட்டும்தான் தருவோம் என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். மற்ற மூன்றின் நிறைக்குச் சரியாக வரும் ஒன்றைக் கடைசியில் லேத் பாஸே தேடிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 3,40,000 ரூபாய் வந்தது. முதல் பாஸ் சொன்ன தொகையில் பெரிய மிச்சம் இல்லைதான், ஆனால் அவருடைய கணக்கில் ரேடியேற்றர் இருக்கவில்லை. வீட்டில் அம்மா “அந்தக் காசுக்கு முற்றத்துக்கு ஒரு கொட்டகை போட்டிருக்கலாம்” என்கிறார். அது வேறு இழை.

நேற்று முன்தினம் கட்டுநாயக்கவில் இருந்து நிறைய ஆட்களோடு வந்தேன். ஹபரணையில் இருந்தே கண் வீதியில் பாதி, ஊசியில் பாதி. அக்போபுரவைத் தாண்டும்போது முதுகு வியர்த்தது. ஊசி நடுவுக்குக் கொஞ்சம் கீழே, ஆணி அடித்த மாதிரி நின்றது. கந்தளாயில் அன்று எழுப்பிய அதே கடையில் நிறுத்தி, எல்லோருக்கும் தேநீர் வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

பழைய_டீசல்

நல்லது. ஆயிரம் கிலோமீற்றரில் முதல் ஓயில் மாற்றினீர்களா? ரேடியேற்றரில் இப்போது என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?

உப்புவெளி_வான்

ஓயில் 900இலேயே மாற்றினேன் ஐயா. ரேடியேற்றரில் கூலன்ற், போத்தலில் வாங்கிய சுத்தத் தண்ணீரில் கலந்தது. மேலதிகமாக ஒரு கேன் பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. கிணற்று வாளியை வான் நிற்கும் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று மகனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.